அம்மாவின் வருமானம் ஆன பிள்ளைகளின் பணம்

1

14,490 டாலர். கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த சூசான் திபோதோ என்ற பெண்ணுக்கு அவருடைய முன்னாள் கணவர் 1989ஆம் ஆண்டு முழுக்கச் சேர்த்துக் கொடுத்த பணம் இது. 1987இல் இருவருக்கும் விவாகரத்து ஆனது. இரண்டு பிள்ளைகளும் அம்மாவோடு இருக்கட்டும், அப்பா மாதம் 1,150 டாலர் கொடுக்கட்டும், விலைவாசிக்கு ஏற்ப அது ஏறிக்கொண்டு போகட்டும் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்தப் பணம் பிள்ளைகளுக்கு மட்டுமே என்பதும் உத்தரவில் தெளிவாக இருந்தது. பிள்ளைகளின் சாப்பாடு, சட்டை, பள்ளிக்கூடம், பல் டாக்டர். அவ்வளவுதான்.

வரித் துறை அந்தப் பணத்தை வேறு மாதிரி பார்த்தது. கனடாவின் வருமான வரிச் சட்டப்படி அந்த 14,490 டாலரும் திபோதோவின் வருமானம். அவர் தன் சொந்த வருமானத்தோடு அதையும் கூட்டிக் காட்டி, கூட்டுத்தொகைக்கு வரி கட்ட வேண்டும். கொடுத்த அப்பாவோ அதே 14,490 டாலரைத் தன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அவருக்கு அந்தப் பணத்தின் மேல் வரி கிடையாது.

ஒரு தடவை நிறுத்தி யோசித்துப் பாருங்கள். பெற்ற பிள்ளைக்குச் சாப்பாடு போட அப்பா பணம் கொடுக்கிறார், அவருக்கு வரி குறைகிறது. அந்தப் பணத்தில் அரிசி வாங்கிச் சமைத்துப் போடும் அம்மாவுக்கு வரி கூடுகிறது. அம்மா தன் சம்பளத்திலிருந்து பிள்ளைகளுக்குச் செலவழிப்பதற்கு அப்படி ஏதாவது கழிவு உண்டா? இல்லை.

திபோதோ வழக்குப் போட்டார். வரி நீதிமன்றத்தில் ஆரம்பித்து உச்ச நீதிமன்றம் வரை போன அந்த வழக்கின் தீர்ப்பை முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டாம் முறை படித்தபோது குழம்பினேன். கோபத்தைவிட அந்தக் குழப்பம்தான் பயனுள்ளதாக இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். ஒரு குடும்பம் உடைந்த பிறகு அரசின் கண்ணில் அது என்னவாகத் தெரிகிறது என்ற கேள்விக்கு அது என்னைக் கொண்டுபோய்விட்டது.

2

இந்த விதியை யாரும் பெண்களைக் கஷ்டப்படுத்த உட்கார்ந்து எழுதவில்லை. அது வந்த பாதையைப் பார்க்க, முதலில் பக்கத்து நாடான அமெரிக்காவுக்கு ஒரு எட்டு போய்வர வேண்டும். ஜீவனாம்சம் வருமானமா என்ற சண்டை அங்கேதான் முதலில் பெரிதாக நடந்தது.

அமெரிக்காவில் இன்று நாம் அறிந்த வருமான வரி 1913இல் வந்தது. ரயில் பாதைகளால் பெரும் பணக்காரரான ஜே கூல்டின் மகன் ஹோவர்ட் கூல்ட், தன்னைப் பிரிந்து வாழ்ந்த மனைவி கேத்ரினுக்கு மாதம் 3,000 டாலர் கொடுக்க வேண்டும் என்று 1909லேயே நீதிமன்றம் சொல்லியிருந்தது. புதிய வரி வந்ததும், அந்த 3,000 டாலர் கேத்ரினின் வருமானமா என்ற கேள்வி எழுந்தது. இல்லை என்று 1917இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனைவியைக் காப்பாற்றுவது கணவனின் கடமை, ஜீவனாம்சம் அந்தக் கடமையின் ஒரு பகுதி என்பது வாதம். அதாவது பணம் கைமாறினாலும் சட்டத்தின் கண்ணில் அது இன்னும் கணவனின் பணம். வரியும் அவனுடையது. மனைவியைத் தனி ஆளாகவே பார்க்காத காலத்துத் தீர்ப்பு. ஆனால் அதனால் அவருக்கு லாபம்! சட்டம் சில சமயம் இப்படியும் விளையாடும்.

அதே 1917இல்தான் கனடா தன் முதல் வருமான வரியைக் கொண்டுவந்தது. முதல் உலகப் போர்ச் செலவுக்காக வந்ததால் அதன் பெயரே ‘போர் வருமான வரிச் சட்டம்’. போர் முடிந்தது, வரி முடியவில்லை.

விகிதங்கள் குறைவாக இருந்தவரை ஜீவனாம்சம் யாருடைய கணக்கில் இருக்கிறது என்று பெரிதாக யாரும் கவலைப்படவில்லை. இரண்டாம் உலகப் போர் அதை மாற்றியது. வரி விகிதங்கள் எகிறின. விவாகரத்தாகி, மறுமணமும் செய்துகொண்டு, முதல் மனைவிக்கு மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருந்த ஆள் திணறினான். சம்பளத்தில் பாதிக்கு மேல் அரசு எடுத்துக்கொண்டால் மிச்சத்தில் இரண்டு வீடுகளை எப்படி ஓட்டுவது? 1942இல் கனடாவின் நிதியமைச்சர் இல்ஸ்லி நாடாளுமன்றத்தில் இந்தக் கஷ்டத்தைத்தான் எடுத்துச் சொன்னார். அதே ஆண்டு இரண்டு நாடுகளுமே கொடுப்பவருக்கு நிவாரணம் தந்து, வரிச்சுமையைப் பெறுபவரின் பக்கம் நகர்த்தின.

ஆனால் ஒரு முக்கியமான இடத்தில் இரண்டும் பிரிந்தன. பிள்ளைகளுக்கென்று ஒரு தொகை தனியாகக் குறிப்பிடப்பட்டிருந்தால், அதை அம்மாவின் வருமானமாகக் கொள்ளக் கூடாது என்று அமெரிக்கச் சட்டம் 1942லேயே சொல்லிவிட்டது. அந்தப் பணத்துக்கு அப்பாதான் வரி கட்ட வேண்டும். கனடா அந்தக் கோட்டைப் போடவில்லை. மனைவிக்கான பணம், பிள்ளைக்கான பணம் இரண்டும் ஒரே பையில் விழுந்தன. அந்தப் பையின் மேல் அம்மாவின் பெயர் எழுதப்பட்டது. அப்படியே ஐம்பத்தைந்து ஆண்டுகள் இருந்தது.

3

என்னைக் குழப்பிய கணக்கு இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள், கூட்டல் கழித்தல்தான்.

ஓர் அப்பாவுக்கு 45 சதவீத வரி, அம்மாவுக்கு 25 சதவீத வரி என்று வைத்துக்கொள்வோம். அப்பா 1,000 டாலர் கொடுக்கிறார். அதைக் கழித்துக்கொள்வதால் அவருக்கு 450 டாலர் வரி மிச்சம். அம்மா அந்த 1,000 டாலருக்கு 250 டாலர் வரி கட்டுகிறார். அரசு 450 டாலரை விட்டுவிட்டு 250 டாலரை வாங்கிக்கொள்கிறது. மீதி 200 டாலர் அந்தப் பழைய தம்பதியிடமே தங்கிவிடுகிறது.

இன்னும் ஒரு படி போகலாம். பிள்ளைகளுக்கு உண்மையில் 1,000 டாலர் தேவை என்றால், வரி போக 1,000 நிற்கும்படி நீதிபதி 1,333 டாலர் கொடுக்கச் சொல்லலாம். அம்மா 333 டாலர் வரி கட்டுவார், பிள்ளைகளுக்கு முழு 1,000 கிடைக்கும். 45 சதவீதக் கழிவு போக அப்பாவின் கையை விட்டுப் போவது 733 டாலர்தான். அப்பா 733 கொடுத்து, பிள்ளை 1,000 பெறுகிறது! மிச்சத்தை அரசு போடுகிறது. கேட்பதற்கு எவ்வளவு அழகாக இருக்கிறது.

வரி நிபுணர்கள் இந்த விதியை விரும்பியதற்குக் காரணம் இந்த அழகுதான். ஆனால் அந்த அழகு மூன்று ‘ஆனால்’களின் மேல் நிற்கிறது. முதலாவது, அப்பாவின் வரி விகிதம் அம்மாவுடையதைவிட அதிகமாக இருக்க வேண்டும். இரண்டும் சமம் என்றால் லாபம் பூஜ்யம். அம்மா அதிகம் சம்பாதித்தால் மொத்தத்தில் நஷ்டம். இரண்டாவது, குடும்ப நீதிமன்ற நீதிபதி வரியைச் சரியாகக் கணக்குப் போட்டு 1,333 என்று எழுத வேண்டும். மறந்து 1,000 என்றே எழுதினால் பிள்ளைக்குப் போவது 750. அப்பாவின் செலவு 550. மூன்றாவது, அம்மாவின் சம்பளமோ வரி விகிதமோ மாறும்போதெல்லாம் அந்தக் கணக்கைத் திருத்த வேண்டும். திருத்த என்ன வழி? மறுபடியும் வக்கீல், மறுபடியும் நீதிமன்றம்.

அப்பாவின் கழிவு தானாக வந்துவிடும். படிவத்தில் ஒரு வரி எழுதினால் போதும். அம்மாவின் ஈடு ஒரு நீதிபதியின் கணக்குத் திறமையை நம்பி இருக்கிறது. திபோதோவின் வழக்கில் நீதிபதி வரியை மறந்துவிடவும் இல்லை. அதற்காகக் கொஞ்சம் கூட்டித்தான் கொடுத்திருந்தார். கூட்டியது போதவில்லை. உண்மையில் வந்த வரி அதைத் தாண்டிப் போயிற்று. மிச்சம் எங்கிருந்து வரும்? பிள்ளைகளின் பணத்திலிருந்து, இல்லாவிட்டால் அம்மாவின் சம்பளத்திலிருந்து.

4

திபோதோ கையில் எடுத்தது கனடாவின் உரிமைகள் சாசனத்தை. அதன் 15ஆவது பிரிவு சட்டத்தின் முன் சமத்துவத்தைத் தருகிறது. 1985இல்தான் அந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்திருந்தது. அதை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாத காலம்.

வரி நீதிமன்றத்தில் தோற்றார். 1994 மே மாதம் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 2-1 என்று ஜெயித்தார். பிரிந்து வாழும், பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் என்ற குடும்ப நிலையை வைத்து இந்த விதி பாகுபாடு காட்டுகிறது என்றது பெரும்பான்மை. அரசு மேல்முறையீடு செய்தது. 1995 மே 25 அன்று உச்ச நீதிமன்றம் 5-2 என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பைத் திருப்பியது.

ஐந்து பேரும் ஆண்கள். எதிர்த்து எழுதிய இரண்டு பேரும் பெண்கள். அன்று அந்த நீதிமன்றத்தில் இருந்த பெண் நீதிபதிகளே அந்த இருவர்தான்: கிளேர் லெரு-துபே, பெவர்லி மக்லாக்லின். முன்னவர் நீதிபதியாவதற்கு முன் கியூபெக்கில் குடும்ப வழக்குகளை நடத்திய வழக்கறிஞர். பின்னவர் 2000ஆம் ஆண்டில் கனடாவின் முதல் பெண் தலைமை நீதிபதி ஆனார்.

ஆண் பெண் என்று இதைப் பிரித்துவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். நானும் முதல் வாசிப்பில் அப்படித்தான் செய்தேன். ஆனால் பெரும்பான்மையின் வாதத்தைக் கேட்டாக வேண்டும். பிரிந்த கணவனையும் மனைவியையும் ஒரே அலகாக வைத்துப் பாருங்கள் என்கிறார்கள் அவர்கள். இந்த விதியால் அந்த அலகுக்கு மொத்தத்தில் வரி குறைகிறதா கூடுகிறதா? பெரும்பாலான தம்பதிகளுக்குக் குறைகிறது. ஆகவே வரிச் சட்டம் யார் மேலும் சுமை ஏற்றவில்லை. குறைந்த வரியின் பலன் அம்மாவிடம் போய்ச் சேரவில்லை என்றால், தப்பு குடும்பச் சட்டத்தில் இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள்.

கணக்கு தவறில்லை. மேலே நானே போட்டுக் காட்டியதுதானே! தவறு எங்கே என்றால், அந்த ‘அலகு’ என்ற சொல்லில். கனடாவில் கணவனும் மனைவியும் சேர்ந்து வாழும்போதுகூடத் தனித்தனியாகத்தான் வருமான வரி கட்டுகிறார்கள். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே கட்டில். ஆனால் வரித் துறைக்கு அவர்கள் இரண்டு பேர். விவாகரத்தாகி, வீடு பிரிந்து, பேச்சுவார்த்தை நின்று, வக்கீல் மூலம் மட்டும் கடிதம் போட்டுக்கொள்ளும் நிலைக்கு வந்த பிறகு அவர்கள் ஓர் அலகு ஆகிவிடுகிறார்கள்! சேர்ந்திருந்தபோது இரண்டு, பிரிந்த பிறகு ஒன்று. இந்த இடத்தைப் படித்தபோது நான் சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

மக்லாக்லின் தன் மாறுபட்ட தீர்ப்பில் பிடித்தது ஏறக்குறைய இந்த இடத்தைத்தான். பிரிந்தவர்களை ஒன்றாகப் பார்த்தால், அவர்களுக்குள் யார் சுமக்கிறார், யார் தப்பிக்கிறார் என்பது கண்ணில் படாமலே போய்விடும். பிள்ளைகளை வைத்திருப்பவரையும் வைத்திருக்காதவரையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால்தான் ஏற்றத்தாழ்வு தெரியும். அதோடு, மொத்தமாகப் பார்த்தால்கூட, ஏறக்குறைய 30 சதவீதத் தம்பதிகளுக்கு இந்த விதியால் வரி குறையவில்லை, கூடியது என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். அழகான கணக்கு பத்தில் மூன்று வீடுகளில் தலைகீழாக ஓடியது.

5

தீர்ப்பில் தோற்ற வழக்கு நாட்டில் ஜெயித்தது. பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோரில் பெரும்பாலோர் அம்மாக்கள். வரி கட்டும் நாள் நெருங்கும்போதெல்லாம் தங்களுக்கு நடப்பது என்ன என்பதற்கு அவர்களுக்கு இப்போது ஒரு பெயர் கிடைத்துவிட்டது: திபோதோ. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே ஷீலா ஃபைன்ஸ்டோன் தலைமையில் அரசு ஒரு குழு அமைத்துக் கருத்துக் கேட்டிருந்தது. உச்ச நீதிமன்றத்தில் அரசு ஜெயித்து ஓராண்டு ஆவதற்குள், 1996 மார்ச் மாத வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் பால் மார்ட்டின் விதியை மாற்றப் போவதாக அறிவித்தார். 1997 மே 1 முதல் போடப்படும் உத்தரவுகளில் பிள்ளைகளுக்கான பணம் அம்மாவின் வருமானம் கிடையாது. அப்பாவுக்குக் கழிவும் கிடையாது.

அதே நாளில் இன்னொன்றும் வந்தது. கொடுப்பவரின் வருமானம் இவ்வளவு, பிள்ளைகள் இத்தனை பேர், மாகாணம் இது என்றால் மாதத் தொகை இவ்வளவு என்று அட்டவணை போட்ட வழிகாட்டு நெறிகள். ஒவ்வொரு நீதிபதியும் தன் மனக்கணக்கில் தொகை போடும் பழக்கத்தை அது பெருமளவு கட்டுப்படுத்தியது. எனக்கு வரி மாற்றத்தைவிட இந்த அட்டவணைதான் பெரிய விஷயமாகப் படுகிறது. அம்மா கெஞ்ச வேண்டியதில்லை. அட்டவணையைக் காட்டினால் போதும்.

எல்லாம் சுபம் என்று முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த 200 டாலரை மறந்துவிடக் கூடாது. பழைய முறையில் இரண்டு வீடுகளுக்கும் இடையில் தங்கிய அந்தப் பணம் புதிய முறையில் அரசு கஜானாவுக்குப் போனது. அப்பா இப்போது தன் உயர்ந்த விகிதத்தில் வரி கட்டிவிட்டு, மிச்சத்திலிருந்து பிள்ளைக்குக் கொடுக்கிறார். அம்மாவுக்கு நியாயம் கிடைத்தது, மொத்தப் பானையில் சோறு குறைந்தது. நியாயமாக நடந்துகொண்ட அப்பாக்களும் சரியாகக் கணக்குப் போட்ட நீதிபதிகளும் இருந்த வீடுகளுக்கு இது இழப்புதான். பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னது முழுப் பொய் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். ஒருவர் ஒழுங்காக நடந்துகொள்வார் என்ற நம்பிக்கையின் மேல் கட்டிய சலுகையா, யாரையும் நம்பத் தேவையில்லாத சின்ன உரிமையா என்று கேட்டால், பிள்ளையைப் பக்கத்தில் வைத்திருப்பவர் இரண்டாவதைத்தான் கேட்பார் என்று நினைக்கிறேன்.

மனைவிக்கோ கணவனுக்கோ தரும் ஜீவனாம்சத்துக்குக் கனடாவில் பழைய முறையே தொடர்கிறது. மாறியது பிள்ளையின் பணம் மட்டும். 1942இல் போடாமல் விட்ட கோட்டை 1997இல் போட்டார்கள்.

6

கோடு போட்டுவிட்டால் சண்டை ஓய்ந்துவிடுமா? முன்பே கோடு போட்ட அமெரிக்காவைப் பார்த்தால் தெரியும். பிள்ளையின் பணம் யார் வருமானம் என்ற கேள்வி அங்கே தீர்ந்தது. பிள்ளையின் பெயரை யார் தன் படிவத்தில் எழுதிக்கொள்வது என்பது புதுச் சண்டை ஆனது. சார்ந்திருப்பவர் என்று ஒரு பெயரை எழுதினால் வரி குறையும். பிரிந்த இருவருமே எழுதினால்? 1984இல் சட்டம் திருத்தப்பட்டு, பிள்ளை யாரோடு வாழ்கிறதோ அவருக்கே அந்த உரிமை, அவர் எழுத்துமூலம் விட்டுக்கொடுத்தால் மட்டும் மற்றவருக்கு என்று ஆனது. 1987ஆம் ஆண்டுப் படிவங்களில் ஐந்து வயதான பிள்ளைகளுக்குச் சமூகப் பாதுகாப்பு எண்ணையும் எழுத வேண்டும் என்று வந்ததும், ஏறக்குறைய 70 லட்சம் ‘சார்ந்திருப்பவர்கள்’ படிவங்களிலிருந்து காணாமல் போனார்கள். பிறக்கவே பிறக்காத பிள்ளைகள் அதில் உண்டு. இரண்டு வீட்டிலும் எழுதப்பட்ட நிஜப் பிள்ளைகளும் உண்டு.

பிள்ளை யாரோடு வாழ்கிறது என்பதை அங்கே இன்று எப்படித் தீர்மானிக்கிறார்கள் தெரியுமா? ராத்திரிகளை எண்ணி. ஆண்டில் அதிக இரவுகள் பிள்ளை யார் வீட்டில் தூங்கியதோ அவர். இரவுகள் சரிசமமாக வந்தால், யாருக்கு வருமானம் அதிகமோ அவர். 365 ஒற்றைப்படை எண் என்பதால் எல்லா இரவும் இந்த இரண்டு வீடுகளில்தான் என்றால் சமம் வருவதற்கு லீப் வருடம் வேண்டும்.

நம்ம ஊரில் எப்படி? ஜீவனாம்சம் கொடுப்பவருக்கு இந்திய வருமான வரிச் சட்டத்தில் கழிவு இல்லை. பெறுபவருக்கு, மொத்தமாக ஒரே தடவையில் வந்தால் அது வருமானம் ஆகாது, மாதாமாதம் வந்தால் வருமானம் என்று பிரதாப்கர் இளவரசி மகேஸ்வரி தேவி வழக்கில் எண்பதுகளில் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது. பிள்ளைகள் விஷயத்தில் 1992ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் ஒரு விதியைக் கொண்டுவந்தது. பிள்ளையின் பெயரில் போட்ட வங்கி வைப்புக்கு வரும் வட்டி போன்றவை, அதிகம் சம்பாதிக்கும் பெற்றோரின் வருமானத்தோடு சேரும். திருமணம் முறிந்திருந்தால், அந்த ஆண்டில் பிள்ளையை யார் பராமரித்தாரோ அவருடைய வருமானத்தோடு சேரும்.

பராமரித்தவர் யார்? மாதாமாதம் பணம் அனுப்பியவரா, காலையில் எழுப்பிக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பியவரா? அந்த ஒரு சொல்லில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். திபோதோ கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான். தான் பராமரிக்கிற பிள்ளைகளுக்காக வந்த பணத்தைத் தன் சம்பாத்தியம் என்று எழுதச் சொல்லாதீர்கள் என்றார். உச்ச நீதிமன்றம் மறுத்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே நாட்டின் சட்டம் ஒப்புக்கொண்டது. அதற்குள் அவருடைய விவாகரத்து ஆகி பத்து வருடம் ஓடிவிட்டது.